கொலைக் கதைக்குக் கோயில் நூலகத்தில் என்ன வேலை?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை உறங்குவதில்லை. மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நீளும் பாதையில், மாலை தொடங்கி மறுநாள் விடியும்வரை மனித வெள்ளம் நகர்ந்துகொண்டே இருக்கும். அத்தகைய ஓர் இரவில், தெருவின் சந்தடியில் உறக்கம் பிடிக்காமல், நாம் ஒரு பழைய கொலைக் கதையைப் படித்து முடித்தோம். அந்நூல் நம் கைக்கு வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். ஏனெனில் இக்கட்டுரையின் வழக்கு அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு பங்கின் சிறு நூலகத்தைத் தூசி தட்டி ஒழுங்குபடுத்தும் பணிக்கு நம்மை அழைத்திருந்தார்கள். புனிதர் வரலாறுகள், மறைக்கல்வி நூல்கள், கட்டுக் கட்டாகப் பழைய மாத இதழ்கள். இவற்றின் அடியில், என்றோ ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போகும்போது கொடுத்துச் சென்ற, அட்டை கிழிந்த நாவல்கள் சில கிடந்தன. ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’, ஆரணி குப்புசாமி முதலியாரின் ‘இரத்தினபுரி இரகசியம்’ என்று தாள் பழுத்து, ஓரம் செல்லரித்த நூல்கள். அவற்றைப் புரட்டிப் பார்த்த பெரியவர் ஒருவர், நெடுங்காலம் பங்குக்கு உழைத்தவர், முகம் சுளித்தார். “கொலைக் கதைக்குக் கோயில் நூலகத்தில் என்ன வேலை, தம்பி? எடைக்குப் போட்டுவிடுங்கள்” என்றார். சுற்றி நின்றோர் தலையசைத்தனர். பங்குத்தந்தையின் அனுமதியோடு அக்கட்டை நாம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பழைய தாள் கடைக்கு அது போகவில்லை. போகவும் கூடாது என்பதே நம் வாதம்.

பெரியவரின் கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. அது நல்லெண்ணத்தில் பிறந்த கேள்வி. கொலையைப் படிப்பவன் மனத்தில் கொலை படியும் என்பது முதற் குற்றச்சாட்டு. செபத்திற்கும் உழைப்பிற்கும் உரிய நேரத்தை இந்நூல்கள் தின்றுவிடுகின்றன என்பது இரண்டாவது. ஒரு மனிதனின் சாவை விடுகதையாக்கி விளையாடுவது இறைவன் தந்த உயிருக்கு இழுக்கு என்பது மூன்றாவது. மூன்றுமே எண்ணிப் பார்க்கத் தக்கவை. மூன்றாவதற்கு மட்டும் நம்மிடம் முழுமையான மறுமொழி இல்லை என்பதையும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறோம். எனினும், இக்குற்றச்சாட்டுகளைச் சுமத்துவோர் அந்நூல்களைக் கடைசிப் பக்கம்வரை படித்திருக்கிறார்களா என்று ஐயுறுகிறோம். கடைசிப் பக்கம்வரை படிப்பதுதானே அந்நூல்கள் கற்பிக்கும் ஒழுக்கம்!

இந்நூல்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சற்றுப் பார்ப்போம். தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை நம் திருச்சபையைச் சேர்ந்தவர். தொழிலால் அவர் முன்சீப். வாதியையும் பிரதிவாதியையும் சாட்சியையும் நாள்தோறும் கேட்டுப் பழகிய ஒரு நீதிபதியின் மேசையிலிருந்துதான் தமிழ் நாவல் எழுந்தது. அதன்பின் பதினைந்தே ஆண்டுகளில், 1894இல், பண்டித நடேச சாஸ்திரி போலீஸ் நிபுணன் தானவனைப் பற்றிய துப்பறியும் கதைகளை வெளியிட்டார். பிறகு ரங்கராஜுவும் வடுவூராரும் குப்புசாமி முதலியாரும் வந்தார்கள். ‘இராஜாம்பாள்’ பதிப்பின்மேல் பதிப்பாக விற்றது. 1935இலும் 1951இலும் திரைப்படமாயிற்று. ‘மேனகா’வும் 1935இல் திரைக்கு வந்தது. குப்புசாமி முதலியாரின் பெயரிலேயே இருக்கும் ஆரணி, இன்று நம் திருவண்ணாமலை மாவட்டத்து ஊர். ஆக, நம் மாவட்டத்திற்கு இந்த இலக்கியத்தில் ஓர் உரிமைப் பங்கே உண்டு.

இவை உயர்ந்த இலக்கியம் என்று நாம் சாதிக்கவில்லை. பலவும் மேனாட்டுக் கதைகளைத் தழுவியவை. மூலத்தின் பெயர் பெரும்பாலும் மறைந்துபோயிற்று. நடையில் நீட்டம் உண்டு. மயக்கங்களும் மாறுவேடங்களும் எண்ணிக்கையில் அடங்கா. நாற்பது பக்கத்திற்கு ஒருமுறை யாரேனும் ஒருவர் மூர்ச்சை தெளிந்து எழுந்திருப்பார். கலைமகள் முன் இவற்றுக்காக வாதாட நாம் வரவில்லை. இவற்றின் வேறொரு பயனைப் பற்றியே பேச வந்தோம்.

அன்றிரவு நாம் படித்தது ‘இராஜாம்பாள்’. அதில் கொலைப்பழி ஒரு குற்றமற்றவன் தலையில் விழுகிறது. ஊர் நம்பிவிடுகிறது. காவல்துறையும் நம்பிவிடுகிறது. உள்ளதைச் சொன்னால், முதற் பகுதியைப் படிக்கும் வாசகனும் பாதி நம்பிவிடுகிறான். துப்பறியும் கோவிந்தன் என்பவர் ஒருவர் மட்டும் நம்ப மறுக்கிறார். அவர் செய்வதெல்லாம் பெரிய மந்திரமன்று. கண்டதைக் கண்டபடி குறித்துக்கொள்கிறார். சொன்னவன் யார், அவனுக்கு அதனால் என்ன ஆதாயம் என்று கேட்கிறார். பிறகு காத்திருக்கிறார்.

பழைய துப்பறியும் நாவலின் இலக்கணமே இதுதான். முதலில் எவன்மேல் ஐயம் விழுகிறதோ அவன் பெரும்பாலும் குற்றவாளியாக இருப்பதில்லை. நாம் முன்பின் யோசியாமல் ஒருவனைச் சுட்டியதற்காகக் கடைசி அத்தியாயத்தில் ஆசிரியர் நம்மை வெட்கப்பட வைக்கிறார். அடுத்த நூலில் மீண்டும் அவசரப்படுகிறோம், மீண்டும் வெட்கப்படுகிறோம். பத்து நூல்கள் படித்தவன் மனத்தில் மெல்ல ஒரு பழக்கம் வேரூன்றுகிறது. ‘இவன்தான்’ என்று நா எழும்போதே, ‘பொறு, இன்னும் பக்கங்கள் இருக்கின்றன’ என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்கிறது. கொலை மனத்தில் படியும் என்றார்கள். நாம் கண்டவரையில் மனத்தில் படிவது இந்தப் பொறுமைதான்.

இது மேனாட்டிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று எவரும் எண்ண வேண்டாம். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தைத் துப்பறிவாளன் கண்கொண்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். பழியைச் சுமத்தியவனும் அவனே. பாண்டியனோ விசாரிக்கவில்லை, ஊடிச் சென்ற அரசியைத் தேற்றும் அவசரத்தில் ஆணையிட்டுவிட்டான். கொலைக்களத்தில் நடந்ததுதான் நம் நெஞ்சை உறுத்துகிறது. கோவலனின் முகத்தைப் பார்த்த காவலர், இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்குகிறார்கள். அப்போது பொற்கொல்லன் என்ன செய்கிறான்? கோவலனுக்கு எதிராக ஒரு சான்றும் காட்டவில்லை. கள்வர் எப்படிப்பட்டவர், என்னென்ன தந்திரங்கள் வல்லவர், எப்படி மாயமாய் மறைவர் என்று பொதுவாக ஒரு விரிவுரை நிகழ்த்துகிறான். அச்சம் பரவுகிறது. குடிமயக்கத்தில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். பின்னர்தான் வருகிறது தடயம். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள்; கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கங்கள். ஒரு சிலம்பை முன்னமே உடைத்துப் பார்த்திருந்தால் ஓர் உயிரும் ஒரு நகரமும் பிழைத்திருக்கும்.

நம் விவிலியத்திலும் இதற்கு இணையான ஒரு பகுதி உண்டு. தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்களன்று திருப்பலியில் வாசிக்கக் கேட்கும் தானியேல் நூலின் 13ஆம் அதிகாரம் அது. சூசன்னா மீது முதியோர் இருவர் பழி சுமத்துகின்றனர். அவர்கள் மக்களின் நடுவர்கள், மதிப்புக்குரியவர்கள். ஆகவே சபை நம்பிவிடுகிறது. அவளைச் சாவுக்கு நடத்திச் செல்லும்போது இளைஞராகிய தானியேல் குரல் கொடுக்கிறார். அவர் வானத்திலிருந்து நெருப்பை வரவழைக்கவில்லை. இரு சாட்சிகளையும் தனித்தனியே பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர் என்று ஒரே கேள்வியை இருவரிடமும் கேட்கிறார். ஒருவர் ஒரு மரத்தைச் சொல்ல, மற்றவர் வேறு மரத்தைச் சொல்கிறார். பொய் உடைகிறது. ஆங்கில எழுத்தாளர் டோரத்தி சேயர்ஸ் 1928இல் துப்பறியும் கதைகளைத் தொகுத்தபோது, இந்தச் சூசன்னாவின் வரலாற்றையும் அவற்றின் முன்னோடிகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார். கோயில் நூலகத்தில் துப்பறியும் கதைக்கு என்ன வேலை என்போர், பீடத்தின்மேல் அது ஏற்கெனவே இருப்பதை நினைவில் கொள்வார்களாக.

இவையெல்லாம் பழங்கதை என்று தள்ளுவோருக்கு நம் நாட்டின் உண்மை வழக்கு ஒன்றைச் சொல்வோம். 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில், ‘இந்துநேசன்’ ஏட்டின் ஆசிரியர் இலட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். திரையுலகத்தாரின் அந்தரங்கங்களை எழுதியே பிழைத்த ஏடு அது. அதை முகம் சுளித்தவர்களும் வாங்கத் தவறவில்லை. கொலைக்குச் சதி செய்ததாக எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். 1945இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று திரும்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுதலையாயினர். இடையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறை. பாகவதரின் கலைவாழ்வு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. 1959இல் அவர் மறைந்தார். இலட்சுமிகாந்தனைக் கொன்றவர் யார் என்பது இன்றளவும் நிறுவப்படவில்லை. இங்கே புறங்கூறலை விற்றவர் மாண்டார்; பழிசுமந்தவர்கள் வாடினர்; புறங்கூறலை விலைகொடுத்து வாங்கிப் படித்த ஊரோ ஒரு நாளும் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. நாவலாக இருந்திருந்தால் கடைசி அத்தியாயத்தில் துப்பறிவாளர் அந்த ஊரையும் நோக்கி விரலை நீட்டியிருப்பார்.

இனி நம் வீட்டு வாசலுக்கே வருவோம். 2018 மே 9. நம் மாவட்டத்தின் போளூரை அடுத்த அத்திமூர். தம் குலதெய்வக் கோயிலுக்கு வழிபடச் சென்றுகொண்டிருந்தது ஒரு குடும்பம். சென்னையிலிருந்து வந்த முதிய பெண்மணி ஒருவரும் மலேசியாவிலிருந்து வந்த உறவினரும் அதில் இருந்தனர். வழியில் குழந்தைகளைக் கண்டு மிட்டாய் கொடுத்தார்கள். குழந்தை கடத்தும் கூட்டம் ஊர் ஊராகத் திரிகிறது என்ற வதந்தி அந்நாள்களில் கைப்பேசிகளின் வழியே காட்டுத்தீயாய்ப் பரவியிருந்தது. மிட்டாய் கொடுத்தவர்கள் வெளியூரார். போதாதா? கூட்டம் சூழ்ந்தது, அடித்தது. 65 வயதுப் பெண்மணி உயிரிழந்தார். உடன்வந்தவர்கள் கொடுங்காயமுற்றனர். அவர்கள் எந்தக் குழந்தையையும் கடத்த வந்தவர்களல்லர்.

பொற்கொல்லனின் விரிவுரையை இவ்விடத்தில் நினைத்துப் பாருங்கள். கோவலனைக் கொன்றது அவனுக்கு எதிரான சான்றன்று. கள்வரைப் பற்றிய பொதுப் பேச்சு. அத்திமூரில் அந்த மூதாட்டியைக் கொன்றதும் அவருக்கு எதிரான சான்றன்று; கடத்தல்காரரைப் பற்றிய பொதுப் பேச்சு. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காப்பியத்தை மேடைதோறும் முழங்குகிறோம். அதன் முதற் பாடத்தை மட்டும் படிக்க மறந்துவிட்டோம்.

இதில் நமக்கென்ன, அது கல்லாதார் செய்த பிழை என்று கத்தோலிக்க வாசகர் எவரேனும் ஆறுதல் கொள்வாராயின், அந்த ஆறுதலையும் பறிக்க வேண்டியிருக்கிறது. நாம் முன்னர் வாழ்ந்த ஒரு பங்கில் ஆலயப் பணியாளர் ஒருவர் இருந்தார். விடியலில் மணியடிப்பார், பீடத்தைத் துடைப்பார், இறுதிச் சடங்குகளில் சிலுவை சுமந்து முன்னே நடப்பார். ஒரு திருவிழாவுக்குப் பின் காணிக்கைப் பணத்தில் ஒரு பகுதி காணவில்லை என்றார்கள். சாவி அவரிடம் இருந்தது. வறுமையும் அவரிடம் இருந்தது. வேறு சான்று எதுவும் தேவைப்படவில்லை. அவரை நேரில் எவரும் குற்றஞ்சாட்டவில்லை. அப்படிச் செய்திருந்தால் அவர் மறுமொழியாவது சொல்லியிருக்கலாம். அன்பியக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும்போது ஒருவர் புருவத்தை உயர்த்தினார், மற்றொருவர் பெருமூச்செறிந்தார். அவ்வளவே. நாமும் அங்கே இருந்தோம். நம் கையிலும் தேநீர்க் குவளை இருந்தது. வாய் திறக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அந்தப் பணம், கணக்கு நோட்டுகள் வைத்திருந்த வேறொரு பீரோவில், வைத்தவரே மறந்துபோன உறைக்குள் இருந்தது. அதற்குள் அவர் மனைவி மக்களோடு ஊரைவிட்டுப் போய்விட்டார். எங்கே போனார் என்று எவருக்கும் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒரு கூட்டத்தில் முடிவு செய்தார்கள், கேட்பதற்கு ஆளில்லை. அந்தத் தேநீர் வேளையில் நம்மில் ஒருவராவது, ‘அந்தப் பணத்தைக் கடைசியாகக் கையில் வைத்திருந்தவர் யார்?’ என்று கேட்டிருக்கலாம். அட்டை கிழிந்த எந்தத் துப்பறியும் நாவலிலும் முதலில் கேட்கப்படும் கேள்வி அதுதான். மறைக்கல்வி வகுப்பில் எட்டாம் கட்டளையை ஒப்பித்த நாம் அதைக் கேட்கவில்லை.

போதிய ஆதாரமின்றிப் பிறரிடம் குற்றம் இருப்பதாக மனத்துக்குள் ஏற்றுக்கொள்வதே பாவம் என்று, 1992இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் எட்டாம் கட்டளையின் கீழ்க் கூறுகிறது. வாய்விட்டுச் சொல்லவே வேண்டாம், எண்ணினாலே போதும். 2025இல் இறைவனடி சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ், புறங்கூறலைப் பயங்கரவாதத்திற்கே ஒப்பிட்டுப் பன்முறை எச்சரித்தார். இவ்வளவும் கேட்டபிறகும் நம் இல்லங்களில் நடப்பது என்ன? காலை செபம் முடிந்த கையோடு கைப்பேசியைத் திறக்கிறோம். யாரோ ஒருவருடைய படம், அடியில் நான்கு வரிப் பழி, ‘அனைவருக்கும் பகிருங்கள்’ என்ற கட்டளை. படமெடுத்தது யார், எப்போது, எங்கே என்று கேளாமல் விரல் தானாகத் தள்ளிவிடுகிறது. கொலைக் கதை படித்தால் நேரம் வீணாகும் என்போரே, இந்த விரல் வேலைக்கு நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் தருகிறீர்கள்? அந்த நாவல் ஒரு கற்பனை மனிதனையே கொன்றது. நாம் தள்ளிவிடும் செய்தி உயிருள்ள மனிதரைத் தேடிச் செல்கிறது.

தொலைக்காட்சியில் கொலைச் செய்திகளைச் சுவைபட நடித்துக் காட்டும் நிகழ்ச்சிகளும் இந்த நாவல்களும் ஒன்றுதானே என்று கேட்கலாம். இல்லை. அவற்றில் கைது செய்யப்பட்டவரே குற்றவாளி என்ற முடிவு முதற்காட்சியிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. தீர்ப்புக்கு அங்கே இடமில்லை. பழைய நாவலோ கைதானவனிடமிருந்தே தன் வேலையைத் தொடங்குகிறது. ஒரு சாவுக்கு உண்மையான கணக்கு முடியும்வரை ஊர் அமைதி கொள்ளலாகாது என்று அது பிடிவாதம் பிடிக்கிறது. சாவை விளையாட்டாக்குகிறது என்ற மூன்றாம் குற்றச்சாட்டுக்கு நாம் தரக்கூடிய அரைகுறை மறுமொழி இதுவே.

நம் கட்சிக்காரரின் குறையையும் மறைக்கமாட்டோம். பழைய மர்ம நாவல்களிலும் ஒரு பெரும் பாவம் உண்டு. வெளியூரான், வேலைக்காரன், வேறு சாதியான், வேறு சமயத்தான் ஆகியோரைத் தீயவராக்குவது ஆசிரியருக்கு எளிதாயிருந்தது, படிப்போருக்கும் இனித்தது. இந்நோய் தமிழுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் கத்தோலிக்கக் குரு ரொனால்டு நாக்ஸ், விவிலியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த அறிஞர், தாமே துப்பறியும் நாவல்கள் எழுதியவர். 1929இல் அவர் இவ்வகைக் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். அவற்றுள் ஒன்று, கதையில் சீனாக்காரர் வரவே கூடாது என்பது. படிப்போர் திகைக்கலாம். மலிவுக் கதைகளில் மர்மமான சீனர் ஒருவரைக் கொண்டுவந்து வில்லனாக்கும் சலித்துப்போன வழக்கத்தைக் குத்திக்காட்டிய கட்டளை அது. அயலானைச் சுட்டுவது சோம்பேறியின் துப்பு என்பதே அதன் உட்பொருள். ஆகவே இந்நாவல்களைக் கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொல்லவில்லை. ‘இவர்மேல் எனக்கு ஐயம் வந்தது சான்றினாலா, சாதியினாலா?’ என்று பக்கத்துக்குப் பக்கம் தம்மையே கேட்டுக்கொண்டு படிக்கச் சொல்கிறோம். நம் ஊருக்கு இக்கேள்வி மிக வேண்டியது. பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கான அயலாரின் காலடியால் வாழும் ஊர் இது. அத்திமூருக்கு வந்தவர்களும் வழிபட வந்த அயலாரே.

இன்னொரு குறையும் உண்டு. கைவிலங்கு பூட்டியவுடன் இந்நாவல்கள் முடிந்துவிடுகின்றன. அதன்பின் குற்றவாளி என்ன ஆனான் என்று அவை கேட்பதில்லை. இந்தக் குறையை நிறைவு செய்தவர் ஜி. கே. செஸ்டர்டன். அவருடைய பிரவுன் சுவாமியார் கதைகள் 1910 முதல் வெளிவந்தன. செஸ்டர்டன் திருச்சபையில் சேர்ந்தது 1922இல். குடையைத் தவறவிடும், உருண்டை முகமுள்ள அந்தச் சிறிய குரு, குற்றவாளிகளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்? 1927இல் வந்த தொகுப்பில் அவரே அந்த இரகசியத்தைச் சொல்கிறார். ஒவ்வொரு கொலையையும் தம் உள்ளத்துக்குள் தாமே செய்து பார்க்கிறாராம். தாமும் அதைச் செய்யக்கூடியவரே என்று உணரும்வரை அந்த மனத்துக்குள் தங்குகிறாராம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து பழகியவரால்தான் இது கூடும். முதற் கதையில் அவரிடம் திருட வரும் ஃபிளாம்போ, பின்னர் மனந்திரும்பி அவருடைய உற்ற நண்பனாகிறான். துப்பறிதல் அங்கே ஆன்மாவைத் தேடும் மேய்ப்புப் பணியாகிவிடுகிறது.

இந்த மனநிலை நம் ஊர் மண்ணுக்கும் புதிதன்று. 1924 ஜூன் 26 இரவு, இதே திருவண்ணாமலையில் இரமணாசிரமத்துக்குள் திருடர் புகுந்தனர். இரமண மகரிஷியையும் தடியால் அடித்தனர். திருப்பித் தாக்க எழுந்த சீடரை அவர் தடுத்துவிட்டார். கண்ணெதிரே நின்ற உண்மையான திருடர்மேலும் கையோங்க வேண்டாம் என்றார் ஒருவர். திருடரா என்றே தெரியாதவர்மேல் கையோங்கிற்று 2018இன் ஒரு கூட்டம். இடையிலுள்ள 94 ஆண்டுகளில் நாம் எழுத்தறிவு பெற்றோம். எதைப் படித்தோம் என்பதுதான் கேள்வி.

பெரியவருக்கு நம் மறுமொழி இதுதான். ஐயா, அந்தக் கட்டு எடைக்குப் போகவில்லை. அட்டை ஒட்டி, பெயர் எழுதி, மீண்டும் அதே நூலகத்தில் கொண்டுவந்து வைக்கப்போகிறோம். சிறுவர் கைக்கு எட்டாத தட்டில் வைக்கச் சொன்னால் வைக்கிறோம். அதில் எமக்கு மறுப்பில்லை. ஆனால் வளர்ந்தவர்கள் படிக்கட்டும். அன்பியக் கூட்டத்தில் ஒருநாள் ஒரு நாவலை எடுத்துக்கொண்டு பாதியில் நிறுத்தி, ‘குற்றவாளி யார்?’ என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்லுங்கள். பிறகு கடைசி அத்தியாயத்தைப் படியுங்கள். எத்தனை பேர் ஒரு குற்றமற்றவரைத் தூக்குமேடைக்கு அனுப்பினோம் என்பதை எண்ணிப் பாருங்கள். அதன்பிறகு தேநீர் அருந்தலாம். அன்று தேநீர் வேளையில் பேச்சு சற்றுக் குறைவாகவே இருக்கும்.

நாவலில் அவசரப்பட்டவனுக்கு வெட்கம் ஒன்றே தண்டனை. பக்கத்தைத் திருப்பினால் பழி நீங்கிவிடும். குற்றமற்றவன் வீடு திரும்பிவிடுவான். வாழ்க்கையில் அந்தப் பக்கம் நம் கையில் இல்லை. ஆலயப் பணியாளர் ஒருவர் மனைவி மக்களோடு எந்த ஊரில் இருக்கிறார் என்று நாம் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.